மேடவாக்கத்தில் பேயிங் கெஸ்ட் வந்த பிறகு மின்கட்டணம் 4,581 ரூபாய்: அவர் பங்கு எவ்வளவு?

மேடவாக்கம் ஆசிரியை (2025 ஜூன் 8)

அனைவருக்கும் வணக்கம். நானும் என் கணவரும் பள்ளி ஆசிரியர்களாக இருந்து ஓய்வு பெற்றவர்கள். எங்கள் மகன் வேலை நிமித்தம் புனேவுக்குச் சென்று நான்கு ஆண்டுகள் ஆகின்றன. அவனுடைய அறை பூட்டியே கிடந்ததால், தெரிந்தவர் ஒருவர் சொல்லி, சிறுசேரியில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் பணிபுரியும் 26 வயதுப் பெண்ணைக் கடந்த பிப்ரவரி இறுதியில் பேயிங் கெஸ்டாக வைத்துக்கொண்டோம். காலை உணவும் இரவு உணவும் எங்களோடுதான். மாதம் 9,000 ரூபாய் தருகிறாள். "கரண்ட் மட்டும் தனியாகப் பார்த்துக்கொள்ளலாம்" என்று வாய்மொழியாகச் சொன்னோமே தவிர, எப்படிப் பார்த்துக்கொள்வது என்று அப்போது நாங்களும் யோசிக்கவில்லை, அவளும் கேட்கவில்லை.

அவள் வருவதற்கு முன்பு, டிசம்பர்–ஜனவரிக்கு எங்கள் வீட்டில் 380 யூனிட் ஓடி 1,081 ரூபாய் கட்டினோம். இப்போது ஏப்ரல்–மே கணக்கீட்டில் 780 யூனிட் என்றும் 4,581 ரூபாய் என்றும் வந்திருக்கிறது. யூனிட் இரண்டு மடங்குதான் கூடியிருக்கிறது, தொகையோ நான்கு மடங்குக்கு மேல் போய்விட்டது. ஏறிய 3,500 ரூபாயையும் அவளிடமே வாங்குங்கள் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். மூன்று பேர் இருக்கும் வீட்டில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 1,527 ரூபாய் வாங்கினால் போதும் என்பது என் கணவரின் எண்ணம். யூனிட்டுக்குப் பத்து ரூபாய் என்று வைத்து அவள் அறைக்கு மட்டும் சப் மீட்டர் (தனியாக அளக்கும் துணை மீட்டர்) போட்டுவிடுங்கள் என்பவர்களும் உண்டு.

அந்தப் பெண் வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்தே வேலை செய்கிறாள். இரவில் ஏசி போட்டுக்கொள்கிறாள். நாங்கள் இருவரும் மின்விசிறியோடு சரி. அவளிடம் அதிகமாக வாங்கிவிட்டோம் என்ற உறுத்தலும் எனக்கு வேண்டாம், ஓய்வூதியத்தில் இவ்வளவு பெரிய தொகையை நாங்களே சுமக்கவும் முடியாது. எது நியாயமான கணக்கு? வீட்டின் மொத்தச் செலவைக் குறைக்க வழியுண்டா? அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

---

ஓய்வுபெற்ற கணக்கீட்டாளர் (2025 ஜூன் 8)

அம்மா, முப்பது ஆண்டுகள் வீடு வீடாகச் சென்று ரீடிங் எடுத்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் கட்டணம் சரியாகத்தான் போடப்பட்டிருக்கிறது. ஆனால் அது எப்படி 4,581 ஆனது என்பது புரிந்தால்தான் பங்கு பிரிப்பதைப் பற்றிப் பேச முடியும்.

நம் மாநிலத்தில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கணக்கீடு. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள விகிதப்படி, இரண்டு மாதத்தில் 500 யூனிட்டுக்குள் இருந்தால் முதல் 100 யூனிட் இலவசம், அடுத்த 100-க்கு யூனிட் 2 ரூபாய் 35 காசு, 201 முதல் 400 வரை 4 ரூபாய் 70 காசு, 401 முதல் 500 வரை 6 ரூபாய் 30 காசு. 500-ஐத் தாண்டிவிட்டால் இலவச 100 யூனிட் அப்படியே இருக்கும், ஆனால் 2.35 என்ற சலுகைப் படி (விலை அடுக்கு) காணாமல் போய் 101-லிருந்து 400 வரை முழுவதும் 4.70 ஆகிவிடும். அதற்கு மேல் 501 முதல் 600 வரை 8.40, 601 முதல் 800 வரை 9.45, 801 முதல் 1,000 வரை 10.50, அதையும் தாண்டினால் 11.55.

இதன் விளைவைப் பாருங்கள். சரியாக 500 யூனிட் ஓடிய வீட்டுக்கு 1,805 ரூபாய். ஒரே ஒரு யூனிட் கூடி 501 ஆன வீட்டுக்கு 2,048 ரூபாய் 40 காசு. அந்த ஒற்றை யூனிட்டின் விலை 243 ரூபாய். இந்த வாசற்படியைத் தெரியாமல் தாண்டி, "மீட்டர் தவறாக ஓடுகிறது" என்று என்னோடு சண்டைக்கு வந்தவர்கள் எத்தனையோ பேர். உங்கள் வீடு அந்தப் படியையும் தாண்டி, 9.45 படியில் 180 யூனிட் ஓடியிருக்கிறது. அந்த 180 யூனிட்டுக்கு மட்டுமே 1,701 ரூபாய். தொகை நான்கு மடங்கானதன் காரணம் இதுதான்.

பங்கு பிரிப்பதற்கு முன் ஒரு தவறைத் திருத்திக்கொள்ளுங்கள். டிசம்பர்–ஜனவரியை ஏப்ரல்–மேயோடு ஒப்பிடக் கூடாது. கத்திரி வெயிலில் உங்கள் மின்விசிறிகளே இருபது மணி நேரம் சுற்றும், குளிர்சாதனப் பெட்டியின் கம்ப்ரஸர் ஓய்வில்லாமல் ஓடும். யாரும் வராவிட்டாலும் உங்கள் யூனிட் ஏறித்தான் இருக்கும். சென்ற ஆண்டு இதே ஏப்ரல்–மேயில் எவ்வளவு ஓடியது என்று ரீடிங் எழுதும் பழைய வெள்ளை அட்டையிலோ மின்வாரிய இணையதளத்திலோ பார்த்துச் சொல்லுங்கள். அந்த எண் வராமல் அந்தப் பெண்ணிடம் எந்தத் தொகையும் கேட்க வேண்டாம்.

---

மேடவாக்கம் ஆசிரியை (2025 ஜூன் 8)

ஐயா, மிக்க நன்றி. அட்டையை எடுத்துப் பார்த்தேன். சென்ற ஆண்டு ஏப்ரல்–மேயில் 470 யூனிட் ஓடியிருக்கிறது. நான் 400 யூனிட் கூடிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன், உண்மையில் கூடியது 310 யூனிட்தான். 90 யூனிட் வெயிலின் கணக்கு என்பது எனக்குத் தோன்றவே இல்லை. இதைப் பார்க்காமல் அவளிடம் பேசியிருந்தால் பெரும் தவறாகியிருக்கும்.

---

ஓய்வுபெற்ற கணக்கீட்டாளர் (2025 ஜூன் 9)

நல்லது. இன்றைய விகிதத்தில் 470 யூனிட்டுக்கு 1,616 ரூபாய் வரும். ஆக, கூடுதல் 310 யூனிட்டுக்காக நீங்கள் செலுத்துவது 2,965 ரூபாய், யூனிட்டுக்கு ஏறத்தாழ 9 ரூபாய் 56 காசு. "அவள் வராவிட்டால் இந்தப் பணம் எனக்கு மிச்சம்" என்று பார்த்தால் இதுவே உங்கள் உண்மையான கூடுதல் செலவு. அதே கட்டணத்தை மொத்த யூனிட்டால் வகுத்தால் சராசரியாக யூனிட்டுக்கு 5 ரூபாய் 87 காசுதான் விழுகிறது. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில்தான் எல்லா வீட்டுச் சச்சரவும் நடக்கிறது. என் வரையில், கூடுதல் செலவு யாரால் வந்ததோ அவர் அதைத் தாங்குவதில் தவறில்லை என்று நினைக்கிறேன்.

---

பீளமேடு அறைவாசி (2025 ஜூன் 9)

மூத்தவர்கள் பேசும் இடத்தில் மறுபக்கத்திலிருந்து எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆறு ஆண்டுகளாகக் கோவையில் வீட்டோடு சேர்ந்த அறைகளில் தங்கி வேலை செய்து வருகிறேன். இது எனக்கு மூன்றாவது வீடு.

முதல் வீட்டில் யூனிட்டுக்குப் பத்து ரூபாய். சப் மீட்டர் அவர்கள் கூடத்தில் ஓர் அலமாரிக்குள் இருந்தது. ஒன்றாம் தேதி ஒரு சீட்டில் தொகையை மட்டும் எழுதிக் கொடுப்பார்கள். ரீடிங்கைப் பார்க்கலாமா என்று ஒரு முறை கேட்டேன், அதன் பிறகு அந்த வீட்டில் என்னிடம் யாரும் சரியாகப் பேசவில்லை. தொகையில் சில நூறு ரூபாய் கூடுதலாகப் போனதைக்கூட மறந்துவிடலாம். நான் குளிக்கப் போகும்போது கதவுக்கு வெளியே ஹீட்டர் சுவிட்சை அணைக்கும் ஓசை கேட்பதை மறக்க முடியவில்லை. எனவே அம்மா, எந்தக் கணக்கைத் தேர்ந்தெடுத்தாலும், அந்தப் பெண் மீட்டரைத் தானே பார்த்து எழுதிக்கொள்ளும்படி செய்யுங்கள்.

இனி கணக்கீட்டாளர் ஐயாவின் கடைசி வரியைப் பற்றி. கூடுதல் செலவு முழுவதையும் வந்தவர் மேல் போடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. இலவச 100 யூனிட்டும் 2.35 படியும் 4.70 படியும் இணைப்புக்குக் கிடைப்பவை, ஆளுக்குக் கிடைப்பவை அல்ல. அந்த மலிவான படிகள் எல்லாவற்றையும் வீட்டுக்காரருக்கு ஒதுக்கிவிட்டு, விலை உயர்ந்த படிகளை மட்டும் தங்குபவருக்கு ஒதுக்குவதற்கு என்ன காரணம்? கடைசியாக வந்தவர் என்பது மட்டும்தானே? அவரே ஒரு சிறு வீட்டைத் தனி இணைப்போடு வாடகைக்கு எடுத்து அங்கே இரண்டு மாதத்தில் 310 யூனிட் ஓட்டியிருந்தால் 752 ரூபாய்தான் கட்டியிருப்பார். 752-க்கும் 2,965-க்கும் நடுவில் எங்கேயோ நியாயம் இருக்கிறது. இந்த வீட்டின் மொத்தக் கட்டணத்தை மொத்த யூனிட்டால் வகுத்து, வரும் சராசரி விலையை இருவரும் ஏற்பதுதான் எனக்குத் தெரிந்த நேர்மையான வழி. இப்போது நான் இருக்கும் வீட்டில் அப்படித்தான் செய்கிறோம். வீட்டுக்கார அக்காவும் நானும் ரீடிங்கைச் சேர்ந்தே பார்க்கிறோம், ஒருவரையொருவர் சந்தேகிக்க வேண்டிய தேவையே வந்ததில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இரண்டாவது வீட்டில் கட்டணத் தகராறு ஒன்றில் உரிமையாளர் என் அறையின் ஃப்யூஸைப் பிடுங்கிவிட்டார். 2019 பிப்ரவரி முதல் தமிழ்நாட்டில் நடப்பில் உள்ள வாடகைச் சட்டத்தின்படி, வாடகைக்கு இருப்பவரின் மின்சாரத்தையும் தண்ணீரையும் உரிமையாளர் துண்டிக்கக் கூடாது என்பது அன்று எனக்குத் தெரிந்திருந்தால் அவ்வளவு பயந்திருக்க மாட்டேன். உங்களைப் போன்றவர்கள் அப்படிச் செய்ய மாட்டீர்கள். ஆனாலும் கட்டணம் எப்படிப் பிரிக்கப்படும் என்பதை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டு வைத்துக்கொள்வது இருவருக்குமே பாதுகாப்பு.

---

ஓய்வுபெற்ற கணக்கீட்டாளர் (2025 ஜூன் 9)

பீளமேட்டுப் பெண் சொன்னது என்னை யோசிக்க வைத்தது. மலிவான படிகள் இணைப்புக்கு உரியவை என்பது உண்மை. நான் அதைக் கணக்கில் கொள்ளாமல் எழுதிவிட்டேன். சராசரி விலையை ஏற்கிறேன்.

யூனிட்டுக்குப் பத்து ரூபாய் என்று மொத்தமாக நிர்ணயிப்பதை மட்டும் யாரும் செய்ய வேண்டாம். மின்சாரத்தை வாங்கி விற்பது உரிமம் பெற்றவர்கள் மட்டும் செய்யத்தக்க தொழில் என்பது 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் அடிப்படை. வந்த கட்டணத்தை ஒரே வீட்டில் இருப்பவர்கள் பகிர்ந்துகொள்வது வேறு, அதில் லாபம் வைப்பது வேறு.

---

நங்கநல்லூர் பாட்டி (2025 ஜூன் 9)

நான் பதினைந்து ஆண்டுகளாகக் கல்லூரிப் பெண்களை வீட்டில் வைத்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு இந்த வகுத்தல் பெருக்கல் எல்லாம் ஒத்துவராது. விசிறி, விளக்கு, மடிக்கணினி, கைபேசி, குளிக்க வெந்நீர் எல்லாம் வாடகையில் அடக்கம். கேஸ் சிலிண்டர் சாப்பாட்டுக் கணக்கில் அடக்கம். ஏசி இருக்கும் அறைக்கு மட்டும் தனி மீட்டர். ஒரு விசிறிக்கும் ஒரு விளக்குக்கும் கணக்குப் பார்க்கத் தொடங்கினால் வீடு வீடாக இருக்காது. ஏசிக்குக் கணக்குப் பார்க்காவிட்டால் கையில் காசு இருக்காது. இவ்வளவுதான் நான் கற்றுக்கொண்டது.

---

மின்பணியாளர், தாம்பரம் (2025 ஜூன் 10)

மேலே பேசிய அனைவரும் தொகையைப் பிரிப்பதைப் பற்றியே சொல்லியிருக்கிறார்கள். கேள்வியின் இரண்டாம் பாதி, அதாவது யூனிட்டைக் குறைப்பது எப்படி என்பது, அப்படியே நிற்கிறது. உங்கள் வீட்டில் இப்போது மிச்சமாகும் ஒவ்வொரு யூனிட்டும் 9 ரூபாய் 45 காசு படியிலிருந்துதான் மிச்சமாகும் என்பதால், முதலில் அதைப் பார்ப்பதே புத்திசாலித்தனம்.

முதல் வேலை அளப்பது. ஓர் அறைக்கு முழுமையாக சப் மீட்டர் போடுவது புது வீட்டில் எளிது, பழைய வீட்டில் சிக்கல். உங்கள் மகன் அறையின் வயர் தனியாக ஓர் எம்சிபியிலிருந்து (அளவுக்கு மீறி மின்சாரம் பாய்ந்தால் தானாக அணையும் சுவிட்ச்) வருகிறதா, அல்லது கூடத்து விளக்கும் அந்த அறை விசிறியும் ஒரே லைனில் இருக்கின்றனவா என்று முதலில் பார்க்க வேண்டும். அந்த அறைக்குரிய எம்சிபியை அணைத்துவிட்டு வீட்டில் எவையெல்லாம் நிற்கின்றன என்று பாருங்கள். கூடத்து விளக்கும் சேர்ந்து அணைந்தால், அங்கே சப் மீட்டர் போட்டு அந்தப் பெண்ணிடம் பணம் வாங்குவது உங்கள் விளக்குக்கும் அவளிடம் வாங்குவதாகிவிடும். இப்படிப்பட்ட வீடுகளில் பாட்டி சொன்னபடி ஏசிக்கு மட்டும் அளவி வைப்பதே சரி. ஏசியின் 16 ஆம்பியர் ப்ளக்குக்கு நடுவில் செருகிக்கொள்ளும் அளவிகள் கடைகளில் கிடைக்கின்றன, சுவரைக் கொத்த வேண்டியதில்லை. வாங்கும்போது 16 ஆம்பியர் தாங்குமா என்று கேட்டு வாங்குங்கள். 6 ஆம்பியர் அளவியை ஏசிக்குச் செருகினால் உருகிவிடும்.

இரண்டாவது, உங்கள் வீட்டு மீட்டரிலேயே சிவப்பாகக் கண் சிமிட்டும் ஒரு சிறு விளக்கு இருக்கும். அதன் அருகில் 3,200 என்றோ வேறோர் எண்ணோ அச்சிட்டிருக்கும். ஒரு யூனிட்டுக்கு அத்தனை முறை சிமிட்டும் என்று பொருள். இரவில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, குளிர்சாதனப் பெட்டி மட்டும் ஓடும்போது ஒரு நிமிடத்துக்கு எத்தனை முறை சிமிட்டுகிறது என்று எண்ணுங்கள். 3,200 உள்ள மீட்டரில் நிமிடத்துக்கு 16 முறை என்றால் 300 வாட் போகிறது என்று கணக்கு. வீட்டுக்குள் எது தின்கிறது என்பதைக் காசு செலவில்லாமல் கண்டுபிடிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

மூன்றாவது, விசிறிகள். இதைத்தான் மக்கள் கவனிப்பதே இல்லை. பழைய சீலிங் ஃபேன் ஒன்று ஏறத்தாழ 75 வாட் எடுக்கும், பிஎல்டிசி விசிறி (மின்சாரம் குறைவாக எடுக்கும் புது வகை மோட்டார் கொண்டது) அதே காற்றுக்கு 30 வாட் அளவில் எடுக்கும். நாளுக்குப் பதினைந்து மணி நேரம் ஓடும் ஒரு விசிறியில் இரண்டு மாதத்துக்கு 40 யூனிட் மிச்சம். அந்தப் பெண்ணின் அறை, உங்கள் படுக்கையறை, கூடம் ஆகிய மூன்றையும் மாற்றினால் 120 யூனிட், உங்கள் இப்போதைய படியில் 1,100 ரூபாய்க்கு மேல். மூன்று விசிறிகளுக்குச் சுமார் 9,000 ரூபாய் ஆகும். குளிர்ந்த மாதங்களில் மிச்சம் குறைவாகத்தான் இருக்கும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இரண்டு, இரண்டரை ஆண்டில் போட்ட பணம் திரும்பிவிடும். ஒரே சமயத்தில் முடியாவிட்டால் அதிக நேரம் ஓடும் விசிறியை முதலில் மாற்றுங்கள். பெரிய பெட்டி போன்ற பழைய ரெகுலேட்டர் இன்னும் இருந்தால், அதில் வேகத்தைக் குறைத்தாலும் யூனிட் பெரிதாகக் குறையாது. மிச்சமாக வேண்டிய மின்சாரத்தில் பெரும்பகுதி அந்தப் பெட்டிக்குள் சூடாகவே போய்விடும்.

நான்காவது, ஏசி. எந்த ஆண்டு வாங்கியது, கடைசியாக எப்போது சர்வீஸ் செய்தீர்கள்? ஃபில்டரில் தூசி அடைத்த ஏசி அறையைக் குளிர்விக்காது. குளிரவில்லையே என்று தங்குபவர் 18-க்கு இறக்குவார், கம்ப்ரஸர் இரவு முழுவதும் நிற்காது. ஒவ்வொரு டிகிரி உயர்த்தி வைக்கும்போதும் சுமார் 6 சதவீத மின்சாரம் குறையும் என்பது மத்திய அரசின் எரிசக்தி திறன் பணியகம் சொல்லும் கணக்கு. 2020 முதல் விற்பனைக்கு வரும் அறை ஏசிகள் இயல்பாகவே 24-இல் தொடங்க வேண்டும் என்று அது விதித்ததும் இதனால்தான். ஏசியை 25-இலோ 26-இலோ வைத்து, மேலே விசிறியை மெதுவாகச் சுழலவிட்டால் உடம்புக்கு 23 போலவே இருக்கும்.

கடைசியாக ஒரு பாதுகாப்புக் குறிப்பு. அறையில் மின்கெட்டிலோ இண்டக்‌ஷன் அடுப்போ வைத்திருந்தால் அது 16 ஆம்பியர் ப்ளக்கில்தான் ஓட வேண்டும். எர்த் சரியாக இருக்கிறதா, ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் தானாகத் துண்டிக்கும் கருவி) இருக்கிறதா என்பதையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். பிறர் வீட்டுப் பிள்ளையை வைத்துக்கொள்ளும்போது இதைத் தள்ளிப்போடக் கூடாது.

---

வேளச்சேரி வாசகர் (2025 ஜூன் 11)

மாடியில் இடம் இருந்தால் சூரிய மின்தகடு போட்டுவிடலாமே? பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் கிடைக்கிறது.

---

மின்பணியாளர், தாம்பரம் (2025 ஜூன் 11)

நல்ல திட்டம்தான். ஒரு கிலோவாட்டுக்கு நாளுக்கு நான்கு யூனிட் அளவில் வரும். ஆனால் தங்கியிருப்பவர் அடுத்த ஆண்டு திருமணமாகியோ வேறு வேலை கிடைத்தோ போய்விடலாம். அவர் போனால் இந்த வீடு மறுபடி 380, 470 என்ற அளவுக்கு இறங்கிவிடும், அந்த அளவுக்குக் கட்டணமே குறைவு. ஆகவே ஒருவருடைய ஏசிக்காக மட்டும் மாடியில் தகடு போடச் சொல்ல மாட்டேன். விசிறியும் சர்வீஸும் அவர் போன பிறகும் பயன்படும்.

---

மேடவாக்கம் ஆசிரியை (2025 ஜூன் 29)

எல்லோருக்கும் நன்றி. தாமதமாக எழுதுவதற்குக் காரணம், சொன்னவற்றைச் செய்து பார்த்துவிட்டு எழுத வேண்டும் என்று இருந்தேன்.

முதலில் அந்தப் பெண்ணை உட்கார வைத்து 4,581 ரூபாய் சீட்டையும் சென்ற ஆண்டு அட்டையையும் காட்டினேன். அவளுக்குப் படிகளைப் பற்றி ஒன்றும் தெரிந்திருக்கவில்லை, முகம் வாடிவிட்டது. "ஆன்ட்டி, ஏசி எவ்வளவு நேரம் ஓடினாலும் அறை குளிரவே மாட்டேன் என்கிறது, சொன்னால் குறை சொல்வதுபோல் ஆகிவிடுமோ என்று சொல்லவில்லை, 18-இல்தான் வைத்துக்கொண்டிருந்தேன்" என்றாள். மின்பணியாளர் எழுதியதை அவள் படித்ததில்லை, ஆனால் எழுத்துக்கு எழுத்து அதையே சொன்னாள்.

ஜூன் 12-ஆம் தேதி 16 ஆம்பியர் அளவியைச் செருகினோம். முதல் எட்டு நாளில் ஏசி மட்டும் 28 யூனிட் தின்றது. இரண்டு மாதத்துக்கு விரித்துப் பார்த்தால் 210 யூனிட். அவளுடைய விசிறி, மடிக்கணினி எல்லாம் சேர்த்தாலும் 270-ஐத் தாண்டவில்லை. அப்படியானால் 310-இல் மீதி 40 யூனிட் எங்கே போனது என்று தேடினோம். ஓர் இரவு எல்லாவற்றையும் அணைத்துவிட்டு என் கணவர் மீட்டர் அருகே நாற்காலி போட்டு உட்கார்ந்து சிமிட்டலை எண்ணினார். நிமிடத்துக்கு எட்டு முறை. குளிர்சாதனப் பெட்டிதான். ஒரு மணி நேரம் கழித்துப் போனாலும் அதே எட்டு, கம்ப்ரஸர் நிற்கவே இல்லை. கதவின் ரப்பர் ஒரு மூலையில் கிழிந்து பிளந்திருந்தது. எங்கள் பெட்டி, எங்கள் ரப்பர், எங்கள் 40 யூனிட். அதற்கும் சேர்த்து அவளிடம் பணம் கேட்கவிருந்தோம்.

ஜூன் 20-ஆம் தேதி ஏசிக்கு ஆள் வந்து சர்வீஸ் செய்தார். ஃபில்டரைக் கழற்றியதும் கம்பளி போலத் தூசி. மகன் போனதிலிருந்து நான்கு ஆண்டுகளாக யாரும் அதைத் திறந்திருக்கவில்லை. வெளியில் உள்ள பெட்டியின் முன் நாங்கள் அடுக்கியிருந்த பழைய மரச்சாமான்களையும் அகற்றச் சொன்னார். அதன் பிறகு அவளாகவே 25-இல் வைத்து விசிறியையும் போட்டுக்கொள்கிறாள். அடுத்த எட்டு நாளில் 17 யூனிட். இடையில் இரண்டு நாள் மழை பெய்தது என்பதால் இந்தக் குறைவு முழுவதும் சர்வீஸால் வந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் அறை குளிர்கிறது என்று அவளே சொல்கிறாள்.

பங்கைப் பற்றி நானும் என் கணவரும் பேசி முடிவு செய்தது இது. விசிறி, விளக்கு, மடிக்கணினி, வெந்நீர் ஆகியவை வாடகையில் அடக்கம். இனி ஏசிக்கு மட்டும் அளவியில் ஓடிய யூனிட்டை, அந்தந்தக் கணக்கீட்டின் சராசரி விலையால் பெருக்கி அவள் தருவாள். அப்படிப் பார்த்தால் கடந்த கணக்கீட்டுக்கு 210 யூனிட், யூனிட்டுக்கு 5 ரூபாய் 87 காசு, மொத்தம் 1,233 ரூபாய் வருகிறது. ஆனால் நாங்கள் பராமரிக்காமல் விட்ட ஏசிக்கு அவள் ஏன் முழுப் பணம் தர வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. சர்வீஸுக்குப் பிறகு எட்டு நாளில் 17 யூனிட் என்ற கணக்கில் இரண்டு மாதத்துக்கு 127 யூனிட். அதற்கு உரிய 750 ரூபாயை மட்டும் இம்முறை வாங்கிக்கொண்டோம். மீதி 480 ரூபாய் எங்களுடைய தவறுக்கான விலை. அவள் முதலில் மறுத்தாள், முழுவதும் தருகிறேன் என்றாள். கணக்கை எழுதிக் காட்டிய பிறகு ஒப்புக்கொண்டாள்.

இதை ஒரு தாளில் எழுதி மூவரும் கையெழுத்திட்டிருக்கிறோம். ஒன்றாம் தேதியும் பதினைந்தாம் தேதியும் வீட்டு மீட்டரையும் ஏசி அளவியையும் அவள்தான் பார்த்து, குளிர்சாதனப் பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் நாட்காட்டியில் எழுதுகிறாள். இந்தக் கோடையில் 600-க்குள் நிற்க வேண்டும், ஐப்பசிக்குப் பிறகு 500-ஐத் தாண்டவே கூடாது என்று அவளே மேலே பென்சிலால் எழுதி வைத்திருக்கிறாள். அந்த 243 ரூபாய்ப் படியைக் கேட்டதிலிருந்து என் கணவரைவிட அவளுக்குத்தான் அதில் அக்கறை. கூடத்து விசிறியை மாற்றிவிட்டோம், மற்ற இரண்டும் அடுத்த ஓய்வூதியம் வந்ததும். குளிர்சாதனப் பெட்டிக்குப் புது ரப்பர் போட்டாயிற்று.

அடுத்த ரீடிங் ஆகஸ்ட் முதல் வாரத்தில் எடுப்பார்கள். அன்று வீட்டு யூனிட்டையும் ஏசி யூனிட்டையும் இங்கே எழுதுகிறேன்.